ஏறும் பச்சைக் கோடு

1

இந்தக் கதை ஒரு கைதட்டலில் தொடங்கியது. முதலில் தட்டிய கை என்னுடையது.

கதை எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டால், பேருந்தில் யாரோ பேசியது காதில் விழுந்தது என்பார்கள் எழுத்தாளர்கள்; கனவில் வந்தது என்பார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. எங்கள் ஊர்ப் பராமரிப்புக் குழுவில் ஐந்து பேர், அதில் நான் ஒருவன். தெருவிளக்கு எரியவில்லை என்று பத்திரிகைக்கு ஏழு கடிதம் எழுதியவனை வெளியே விட்டுவைப்பதைவிட உள்ளே உட்கார வைப்பது நிம்மதி என்று யாரோ நினைத்திருக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு முந்தைய கூட்டத்தில், தண்டவாளங்களுக்கு மேலே போகும் நடைபாலத்தைப் பற்றி ஒரு பொறியாளர் பத்து நிமிடம் பேசினார். திரையைப் பார்த்தபடி, முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு பேசினார். திரையில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஏறிப் போயிற்று. நுனியில் அம்புக்குறி. மேலே கொட்டை எழுத்தில் 'வளர்ச்சி விகிதம்' என்று போட்டிருந்தது. என் கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. அந்த எழுத்து மட்டும் கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. நான் கைதட்டினேன். மற்ற நால்வரும் தட்டினார்கள். "ரொம்ப சந்தோஷம், இப்படியே தொடர்ந்து பண்ணுங்க" என்றார் தலைவர்.

பாலத்தின் மூன்றாம் தூணில் விரிசல் எவ்வளவு வேகமாக அகலமாகிறது என்பதைத்தான் அந்தக் கோடு காட்டியது.

நாளை காலை பதினொன்றுக்கு அடுத்த கூட்டம். அதற்குள் இந்தக் கதையை முடித்தாக வேண்டும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்குள் எனக்கே தெரிந்துவிடும் என்று நம்புகிறேன்.

2

தொடக்கம் ஒன்று: "மழை பெய்துகொண்டிருந்தது. பாலத்தின் இரும்புக் கைப்பிடியில் நீர்த்துளிகள் வரிசையாக —"

மழை பெய்யவில்லை. கதை எழுத உட்கார்ந்தால் எனக்குத் தானாக மழை வந்துவிடுகிறது.

தொடக்கம் இரண்டு: "நான்தான் மூன்றாம் தூண். முப்பது வருடமாக உங்கள் பாரத்தை —"

தூண் பேசக் கூடாது. தூணை விட்டால் தண்டவாளம் பேசும், அப்புறம் ரயிலுக்கும் ஒரு கருத்து இருக்கும்.

தொடக்கம் மூன்று: பொறியாளருக்கு ஒரு தங்கை. அந்த ஸ்லைடைப் போட்டுக் கொடுத்தவள் அவள்தான்.

இது நிற்கும் என்று தோன்றுகிறது. இனி அவள் பக்கத்திலேயே போகிறேன். அவள் சொன்னது பாதி, நான் கட்டியது பாதி. எது எது என்று அவளுக்கே சந்தேகம் வரும்.

3

தங்கை ஒரு மெத்தைக் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் இருக்கிறாள். அவள் மெத்தை விற்பதில்லை. விற்ற விவரத்தை மேலதிகாரிகளுக்குத் திரையில் போட்டுக் காட்ட ஸ்லைடு தயாரிப்பது அவள் வேலை. அலுவலகத்தில் யாருக்கும் அவள் பெயர் நாக்கில் வருவதில்லை. "படத்துக்கிட்ட குடு, பண்ணிடும்" என்பார்கள். (அடிக்குறிப்பு போலப் படியுங்கள்: 'படம் காட்டாதே' என்று தமிழில் யாரைத் திட்டுவோம் என்பது உங்களுக்குத் தெரியும். இல்லாததை இருப்பதுபோலக் காட்டுகிறவரை. அவளுக்கும் தெரியும். பதினொரு வருடமாகச் சிரித்துக்கொண்டே அந்தப் பட்டத்தைச் சுமக்கிறாள்.) இத்தனை வருடத்தில் அவள் வரைந்த கோடெல்லாம் ஏறியது. ஏறாத வருடத்தில், எந்த மாதத்திலிருந்து தொடங்கினால் ஏறுவதுபோலத் தெரியும் என்று தேடிப் பிடிப்பதும் அவள் வேலையில் சேர்த்திதான்.

அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து, சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தான். நாற்பத்தொரு ஸ்லைடு. ஒவ்வொன்றிலும் ஓர் அட்டவணை, அட்டவணைக்குக் கீழே எறும்பு எழுத்தில் விளக்கம்.

"உனக்கு எத்தனை நிமிஷம் குடுத்திருக்காங்க?"

"பத்து."

"அண்ணா, பத்து நிமிஷத்துல நாப்பத்தொண்ணு ஓட்டினா யார் கண்ணுல நிக்கும்? ரயில் பாக்கற மாதிரி, கடைசிப் பெட்டி போனதும் கொடியசைச்சுட்டுப் போயிடுவாங்க."

"எல்லாமே முக்கியம் பாப்பா. எதை எடுக்கச் சொல்ற?"

"நீயே சொல்லு. அவங்க வீட்டுக்குப் போறப்ப மனசுல ஒரே ஒரு விஷயம் இருக்கணும்னா, என்ன இருக்கணும்?"

அண்ணன் ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒன்றில் நிறுத்தினான். "மூணாவது தூண்ல விரிசல் வளர்ந்துட்டே போகுது. பாலத்தை மூடணும்" என்றான்.

நல்ல கேள்வி, நல்ல பதில். இதுவரை யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. நாற்பது ஸ்லைடை ஒதுக்கிவிட்டு ஒன்றை எடுத்தாள். ஆறு மாதத்தில் எடுத்த அளவுகளைக் கோடாக்கினாள். கம்பெனிக்கு எப்போதும் பயன்படுத்தும் ஆயத்த வடிவத்தில் போட்டாள். அதில் கோடு தானாகப் பச்சையாகும், அம்புக்குறி தானாக முளைக்கும். 'மூன்றாம் தூண்: விரிசல் வளர்ச்சி விகிதம்' என்று அண்ணன் வைத்திருந்த தலைப்பு ஒரு வரியில் அடங்கவில்லை. மேல்வரியில் 'மூன்றாம் தூண்: விரிசல்' என்பதைச் சிறிதாக்கி, கீழ்வரியில் 'வளர்ச்சி விகிதம்' என்பதைப் பெரிதாக்கினாள். கம்பெனியில் அப்படித்தான் செய்வாள். மெத்தையின் பெயர் சிறிதாக இருக்கும், வளர்ச்சி பெரிதாக இருக்கும்.

ஏறினால் நல்லது என்று அவள் கை பழகிவிட்டிருந்தது. வளர்ச்சி என்ற சொல்லும் அவளுக்கு ஒத்துழைத்தது. குழந்தைக்கும் வளர்ச்சி, நாட்டுக்கும் வளர்ச்சி, விரிசலுக்கும் அதே வளர்ச்சி. கெட்டது பெருகுவதற்குத் தனியாக ஒரு சொல்லை நாம் கைவசம் வைத்திருந்தால், இந்தக் கதை மூன்றாம் பகுதியிலேயே முடிந்திருக்கும்.

"பளிச்சுன்னு இருக்கு" என்றான் அண்ணன். வலது மூலையில் கம்பெனியின் சின்னமான குட்டித் தலையணை இருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

4

கூட்டம் முடிந்து வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கைதட்டினாங்க" என்றான்.

"அட! நான் சொன்னேன்ல?"

"விரிசலுக்குக் கைதட்டினாங்க, பாப்பா."

"இல்ல சார், இது வந்து" என்று அவன் ஆரம்பித்திருக்கிறான். பத்து நிமிட மணி அடித்துவிட்டது. "எழுத்துல குடுங்க, அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்" என்றார் தலைவர். பாலத்தடியில் மருந்துக்கடை வைத்திருக்கும் உறுப்பினர், "நல்லா ஏறுதே சார்" என்று கைகுலுக்கினார். அண்ணன் எழுத்தில் கொடுத்தான், முப்பத்தெட்டுப் பக்கம். ஐந்து பேருக்கும் ஐந்து உறை.

["உன் தப்பு இல்ல, விடு" என்று முதல் வரைவில் அண்ணனைச் சொல்ல வைத்திருந்தேன். எழுதி முடித்துப் பார்த்தால் அவன் அண்ணனாகவே இல்லை, வேறு யாரோ நல்ல மனிதர். வெட்டிவிட்டேன்.]

அவன் சொன்னது இது: "இனிமே நானே பாத்துக்கறேன். எனக்குப் படம் காட்டத் தெரியாது. தெரியவும் வேண்டாம்."

அலுவலகத்தில் நூறு பேர் சொன்னபோது வலிக்காத சொல் அன்றைக்கு அவளுக்கு வலித்தது. அதைவிடப் பயம். அவளுடைய ஒரு கோட்டினால் ஒரு பாலம் இன்னும் மூன்று மாதம் திறந்திருக்கும்.

இங்கே அவளுக்கு ஒரு மகளைக் கொடுத்து, அந்த மகளைத் தினமும் பாலத்தில் நடக்கவிடலாமா என்று யோசித்தேன். வாசகருக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் அந்தப் பாலத்தில் இரண்டாயிரம் பேர் நடக்கிறார்கள். அத்தனை பேரும் யாருக்காவது வேண்டியவர்கள்தான். மகளை எடுத்துவிட்டேன்.

5

அண்ணன் கேட்காமலே அவள் மறுபடி தொடங்கினாள். இந்த முறை ஒரு வழி வைத்துக்கொண்டாள். விஷயம் தெரியாத ஒருவரிடம் படத்தை ஐந்து விநாடி காட்டுவது, மூடிவிடுவது, "என்ன புரிஞ்சுது?" என்று கேட்பது. அவ்வளவுதான். விளக்கம் சொல்லக் கூடாது, முகத்தைச் சுளிக்கக் கூடாது.

பச்சையைச் சிவப்பாக்கி, தலையணையை எடுத்துவிட்டு, கம்பெனிக் காவலாளியிடம் காட்டினாள்.

"யாருக்கோ காய்ச்சல் ஏறுதும்மா."

கேன்டீன் அக்காவிடம் காட்டினாள்.

"நல்லா ஏறுதே! உனக்குச் சம்பளம் ஏத்துவாங்களா?"

நிறத்தை மாற்றினாலும் கோடு கோடுதான், ஏறுகிற கோட்டைப் பார்த்தால் ஜனங்களுக்கு மனசு குளிர்ந்துவிடுகிறது என்று அவளுக்குப் புரிந்தது. சரி, குளிர விடக் கூடாது. தனக்குக் கைவந்த வேலையைச் செய்தாள். படத்தின் இடப்பக்க அளவுகோலில் அடியில் இருந்த பூஜ்யத்தை வெட்டி எறிந்து, எண்களைப் பாதியிலிருந்து தொடங்கினாள். சாதுவாக இருந்த கோடு சுவர்போல எழுந்து நின்றது. மேனேஜர் ஐந்து விநாடி பார்த்துவிட்டு, "ஐயோ, என்னது இது?" என்றார். இதுதான் வேண்டும் என்று அவள் துள்ளினாள்.

(நானும் இதே கட்டத்தில் இப்படித்தான் துள்ளினேன். பாலம் இடிந்து விழுவதாக நான்கு பக்கம் எழுதினேன். நன்றாகவும் வந்திருந்தது. சத்தத்தை வர்ணிக்க மட்டும் ஒரு பக்கம்.)

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு அண்ணனைப் பார்க்கப் போனாள். அவன் பாலத்துக்கு அடியில், சைக்கிள் நிறுத்தத்தை ஒட்டிய மூன்றாம் தூணின் பக்கத்தில், அந்த மாத அளவை எடுத்துக்கொண்டிருந்தான். தொலைபேசித் திரையைக் குனிந்து பார்த்தான்.

"பூஜ்யத்தை எங்க ஒளிச்ச?"

"அது இருந்தா கோடு படுத்துக்குது, அண்ணா. பயந்தாத்தான் மூடுவாங்க."

"பயந்து மூடினா, பயம் தெளிஞ்சதும் தொறந்துடுவாங்க. புரிஞ்சு மூடணும்."

அவளுக்குக் கோபம் வந்தது. "புரியற மாதிரி நீதான் சொல்லேன்! இப்ப எவ்வளவு காட்டுது?"

"புள்ளி ஒன்பது."

"புள்ளி ஒன்பது என்ன?"

"மில்லிமீட்டர். போன கூட்டத்துல புள்ளி அஞ்சு. புள்ளி ரெண்டுலேருந்து அஞ்சுக்கு வர ஆறு மாசம் ஆச்சு. அஞ்சுலேருந்து ஒன்பதுக்கு மூணே மாசம். அகலம்கூடப் பெரிசில்ல பாப்பா, வேகம்தான் பெரிசு. ஆனா நான் புள்ளி ஒன்பதுன்னு சொன்னதும், 'ஒரு மில்லிமீட்டர்கூட இல்லையா'ன்னு சிரிப்பாங்க."

அவள் தூணைப் பார்த்தாள். மூன்று மாதமாக அந்த விரிசலை எண்ணாக, கோடாக, நிறமாக மட்டுமே பார்த்திருக்கிறாள். நேரில் அது ஒரு பென்சில் கோட்டைவிடக் கொஞ்சம் தடிமனாக, தோளுயரத்தில், சாய்வாக ஓடியது. என்ன தோன்றியதோ, கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றி அதில் செருகினாள். அட்டை பாதிவரை போயிற்று. கையை எடுத்தாள். விழவில்லை. நாடா மட்டும் கீழே தொங்கி ஆடியது.

தலைக்கு மேலே ஜனங்கள் தடதடவென்று நடந்துகொண்டிருந்தார்கள்.

அவள் படம் எடுத்துக்கொண்டாள். 'போன கூட்டத்தின்போது இந்த அட்டை இதில் நுழையவில்லை' என்று தலைப்பை அங்கேயே தட்டினாள். அண்ணன் தலையாட்டினான்.

"அப்ப நீ செருகிப் பாத்தியா? பாக்கல. எழுதாத."

"ஐயோ அண்ணா!"

"இரு." அட்டையை உருவி, தன் பையிலிருந்த கருவியின் இரு தாடைக்கு நடுவே வைத்து அதன் கனத்தைப் பார்த்தான். "புள்ளி ஏழு ஆறு. விரிசல் அப்ப புள்ளி அஞ்சு. நுழைஞ்சிருக்காது. 'நுழைந்திருக்காது'ன்னு போடு. அது கணக்கு."

ஒரே ஒரு சொல் மாறியது. பதினொரு வருடத்தில் தன் ஸ்லைடில் யாரும் இத்தனை அக்கறையாகத் திருத்தம் செய்ததில்லை என்று அவள் என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

6

என்னிடம் ஏன் சொன்னாள் என்றால், நேற்று மதியம் அவள் என் வீட்டுக்கு வந்தாள்.

"நீங்கதான் முதல்ல கைதட்டினீங்கன்னு அண்ணன் சொன்னான்."

நான் நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

"திட்டல சார். கண்ணாடி போடாம உட்கார்ந்திருந்தார்னு மட்டும்தான் சொன்னான். அதான் உங்ககிட்டயே வந்தேன். கண்ணாடியைக் கழட்டுங்க. அந்தச் சுவர்ப் பக்கம் போய் நில்லுங்க."

கழற்றினேன், போய் நின்றேன். மடிக்கணினியைத் திருப்பி ஐந்து விநாடி காட்டினாள், மூடினாள்.

"என்ன புரிஞ்சுது?"

"ஒரு பொண்ணோட போட்டோ. யாரும்மா அது, நீயா?"

அவள் கோபிக்கவில்லை. நோட்டில் குறித்துக்கொண்டாள். அட்டையில் இருந்த தன் முகத்தை அவள் கணக்கிலேயே எடுக்கவில்லை. முகம் இருக்கிற இடத்தில் வேறெதுவும் கண்ணில் படாது. "நாளைக்குக் காலையில வெளிச்சம் வந்ததும் போய், அட்டையைப் பின்பக்கமாத் திருப்பி வச்சு எடுத்துடறேன். பின்பக்கம் வெறும் வெள்ளைதான்" என்றாள்.

பிறகு என் மேசையில் கிடந்த இந்தக் கதையின் முதல் பக்கத்தைப் பார்த்தாள். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இதையும் அஞ்சு விநாடி பாரேம்மா" என்றேன். பார்த்துவிட்டு, "மழை பெய்யுதுன்னு புரிஞ்சுது சார்" என்றாள். இரண்டாம் பகுதியில் மழை நின்றதற்கு இதுதான் காரணம்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "நாளன்னிக்கு அண்ணன் ஒரே ஒரு ஸ்லைடுதான் போடுவான். போட்டுட்டுப் பேசாம நிப்பான். எல்லாரும் பாக்கணும். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம் சார். கைதட்டாம இருந்தாப் போதும்."

7

முடிவு அ: படம் திரையில் வருகிறது. அறை அமைதியாகிறது. மருந்துக்கடைக்காரரே முதலில் கையைத் தூக்குகிறார். பாலம் மூடப்படுகிறது. அண்ணன் தங்கையிடம், "நல்லாப் படம் காட்டின பாப்பா" என்கிறான், அந்தச் சொல் புதுசாகிறது, இருவரும் —

ரொம்பவும் அழகாக இருக்கிறது. பாலத்தை மூடினால் தன் கடைப்பக்கம் ஈ காக்கை வராது என்று தெரிந்த மனிதர் முதலில் கை தூக்குவாரா? எழுதியவனுக்கே நம்பிக்கை இல்லை.

முடிவு ஆ: இடிகிற அந்த நான்கு பக்கம். பூஜ்யத்தை ஒளித்த படம் அது. கிழித்துவிட்டேன்.

முடிவு இ: "அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்" என்கிறார் தலைவர்.

இதை எழுத ஒரு வரி போதுமாக இருந்தது. வேறெந்த முடிவும் இவ்வளவு சுலபமாக வரவில்லை.

8

சொல்கிறேன் என்று சொன்னதைச் சொல்ல வேண்டும்.

அண்ணனின் முப்பத்தெட்டுப் பக்க உறையை நான் பதினைந்து நாள் முன்புதான் பிரித்தேன். பன்னிரண்டாம் பக்கத்தில் அதே கோடு கறுப்பில் இருந்தது. கண்ணாடி போட்டுப் படித்தேன், புரிந்தது. தலைவரைத் தொலைபேசியில் கூப்பிட்டிருக்கலாம். பாலத்தின் முனையில் நின்று நாலு பேரிடம் சொல்லியிருக்கலாம். நான் கதை எழுத உட்கார்ந்தேன்.

குழு அலுவலகம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், என் வீடு இந்தப் பக்கம். பாலம் வழியாகப் போனால் நான்கு நிமிடம், சுற்றுவழியில் இருபத்தைந்து. பதினைந்து நாளாக நான் சுற்றுவழியில்தான் போகிறேன். பாலத்தில் ஏறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே போகிறேன். ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. முதலில் கைதட்டியவன் எந்த முகத்தோடு சொல்வது என்று வெட்கமாக இருந்தது. இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இதைக் கூட்டத்துக்கு முன்னால் முடித்தாக வேண்டும் என்றது இதற்காகத்தான். கூட்டம் முடிந்தபின் எழுதினால், நான் முதலிலிருந்தே எல்லாம் புரிந்தவனாகக் கதைக்குள் உட்கார்ந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

ஐந்து பேரில் மூவர் கை தூக்கினால் பாலத்தை மூடுவார்கள். என் கையை நான் தூக்குவேன் என்று எழுதிப் பார்த்தேன். "நான் எழுந்து, போன தடவை புரியாமல் கைதட்டினேன் என்று சொல்லி —" அந்த வாக்கியம் முடிய மறுக்கிறது. அதை நாளைக்கு அங்கேதான் முடிக்க வேண்டும், காகிதத்தில் முடித்துப் பயனில்லை. அதனால் முடிவை இங்கே எழுதவில்லை. அதற்குப் பதிலாக அவளுடைய படத்தை உங்களிடம் காட்டிவிடுகிறேன். இன்று காலை அவள் போய் மறுபடி எடுத்தது. அட்டை முதல் முறையைவிடச் சற்று உள்ளே போனதா என்று நான் கேட்கவில்லை.

கண்ணாடி போடுகிறவர்கள் கழற்றிவிடுங்கள். சுவர்ப் பக்கம் போய் நில்லுங்கள்.

சாம்பல் நிறத் தூண். அதில் சாய்வாக ஒரு கோடு. கோட்டுக்குள் பாதிவரை செருகிய ஒரு வெள்ளை அட்டை, யார் கையும் பிடிக்காமல் நிற்கிறது. மேலே ஒரு வரி: 'மூன்று மாதம் முன்பு இந்த அட்டை இந்த விரிசலில் நுழைந்திருக்காது.' கீழே ஒரு வரி: 'பாலத்தை இன்றே மூட வேண்டும்.'

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

மூடிவிட்டேன். என்ன புரிந்தது?

சொல்லுங்கள். கைதட்ட மட்டும் வேண்டாம்.